அப்பாவுக்குக் கொடுத்த பாட்டில்

பரிசு என்று ஒன்றைக் கொடுத்துவிட்டு அதைத் தொடாதே என்று சொன்னால், அது என்ன வகைப் பரிசு? இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு, ஓய்வூதியத்தோடு காரைக்காலுக்கே திரும்பி வந்தவர். அண்ணன் பாரிஸில் குடும்பத்தோடு இருக்கிறான். நான் வரிச்சிக்குடியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அம்மா போன பிறகு வீட்டில் அப்பாவும் நானும்தான். அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு வந்த அண்ணன், சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்க ஒரு மரப்பெட்டியை அவர் மடியில் வைத்தான். உள்ளே ஒரு பாட்டில். பர்பன் என்கிற அமெரிக்க விஸ்கி. மக்காச்சோளத்தில் வடித்து, உட்புறம் கருக்கிய மரப் பீப்பாயில் பல வருடம் ஊறவிட்டதாம். கொஞ்சம் பாட்டில்தான் போட்டார்களாம். லேபிளில் பேனாவால் எண் எழுதி, வாயைக் கறுப்பு மெழுகால் அடைத்திருந்தார்கள்.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "சாப்பாட்டுக்கு முன்னாடி ஆளுக்கொரு வாய் பாத்துருவமாடா?" என்றார்.

"ஐயோ, தொறந்துராதீங்கப்பா! இது குடிக்கிறதுக்கு இல்ல. வருஷத்துக்கு வருஷம் வெல ஏறும்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினார். மூடிய கையை மட்டும் அவர் உடனே எடுக்கவில்லை. நான் அதைப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் குடிப்பதற்கென்றே பக்கத்து மாவட்டங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். அந்த ஊரில், டாக்டர் அனுமதித்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெக்குக்காக அப்பா கடையில் மலிவு பிராந்தி வாங்குவார். அமெரிக்கச் சரக்கு அலமாரியில் பூட்டிக் கிடக்கும். அண்ணன் வீடியோவில் கூப்பிட்டால் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான். "வெயில் படலியே? படுக்க வைக்காத, நிமித்தியே வையி." ஒருமுறை, அந்த அலமாரி இருக்கும் அறைக்கு ஏசி போடலாமா என்று கேட்டான். அப்பா படுக்கும் அறையில் ஏசி கிடையாது.

இந்த வருடம் லீவில் வந்தவன், புதுச்சேரியிலிருந்து ஒருவரை அழைத்து வந்தான். இப்படிப்பட்ட பாட்டில்களைச் சேர்ப்பவர், விலை மதிப்பதில் கெட்டிக்காரர் என்றான். மரியாதையான மனிதர்தான். அப்பாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். செல்போன் வெளிச்சத்தைப் பாட்டிலுக்குப் பின்னால் பிடித்து, கழுத்தில் சரக்கு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தார். மெழுகில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவினார். கடைசியில் லேபிளின் மூலையில் விரலை வைத்து உச்சுக் கொட்டினார்.

"கடக்காத்து, ஈரம். கொஞ்சம் பூசணம் பூத்துருக்கு சார். இதுக்கே வெல கொறஞ்சிரும்."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "ஒரு பாட்டிலப் பாத்துக்கத் தெரியலியா ஒனக்கு?"

"நான் அப்பாவப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அப்பா அவரைப் பார்த்து, "அதெல்லாம் இருக்கட்டுங்க. இது குடிச்சா எப்படி இருக்கும்? அதச் சொல்லுங்க" என்றார்.

அவர் தயங்கினார். "தெரியாதுங்க ஐயா. எங்கிட்டயும் இதே மாதிரி ரெண்டு இருக்கு. தொறந்ததில்ல."

ருசி தெரியாதவர் விலை சொல்ல வந்திருக்கிறார்! ருசி தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவரோ இத்தனை வருடம் பூட்டிய அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் எழுந்துபோய்ச் சமையலறையிலிருந்து கத்தியை எடுத்து வந்தேன்.

"அப்பா, இது ஒங்களுக்குக் குடுத்தது. தொறக்கட்டுமா?"

"ஏய், பைத்தியமா நீ?" என்று அண்ணன் கத்தினான்.

அப்பா அவனைப் பார்க்கவே இல்லை. "தொறம்மா" என்றார்.

மெழுகு துண்டு துண்டாகப் பெயர்ந்தது. தக்கையை இழுத்ததும், மரமும் வெல்லமும் சேர்ந்து தீய்ந்தது போல ஒரு வாசனை அறை முழுவதும் பரவியது. டம்ளரில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன். அப்பா பட்டாளத்துப் பழக்கத்தில், பிரெஞ்சுக்காரர்கள் குடிக்கும் முன் சொல்வது போல "சாந்தே" என்று உயர்த்திவிட்டு, ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லாருக்கு. பாகு முத்துனா ஒரு கசப்பு வருமே, அது கடைசில வருது. நெஞ்சுல சூடு அப்படியே நிக்குது." அப்புறம் அண்ணனைப் பார்த்தார். "ஆனா பூட்டி வச்சுக் கும்புடுற அளவுக்கு இல்லடா."

புதுச்சேரிக்காரருக்கும் ஊற்றினேன். வேண்டாம் என்றுதான் சொன்னார். பிறகு வாங்கி முகர்ந்தார், மெதுவாகக் குடித்தார். "வெனிலா வாசன இருக்கு... கொஞ்சம் பட்டை. அருமையான சரக்குங்க." டம்ளரை வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நான் சொல்ற வெலயெல்லாம் ருசிக்கு இல்லிங்க. தொறக்காம இருக்கறதுக்குத்தான்."

அண்ணன் ஒரு சொட்டும் தொடவில்லை. லீவு முடியும் முன்பே கிளம்பிவிட்டான். பாரிஸ் போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு செய்தி அனுப்பினான்: "உன் கோபத்துக்கு என் பணம்தான் கிடைத்ததா?" அவன் கொடுத்தது பரிசு இல்லை, முதலீடு என்று அவனே எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெக் என்று அதைத்தான் குடித்தார். கருக்களாச்சேரியிலிருந்து மீன் வந்தால், வறுத்த கிழங்கானோடு குடிப்பார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரருக்கும் ஒரு நாள் கொடுத்தார். அவர் சோடா கலந்து குடித்துவிட்டு, நம்மூர் பிராந்தியே தேவலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மழை பெய்த ஒரு மத்தியானம் பாட்டில் காலியானது. "மொத நாளவிட இன்னைக்குத்தான் நல்லாருந்துச்சு" என்றார் அப்பா. இதை அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். சொன்னால், காலி பாட்டிலுக்கும் பெட்டிக்கும்கூட ஒரு விலை உண்டு, பத்திரமாக வை என்பான். சத்தியமாகச் சொல்வான். போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, அப்பாவுக்குச் சோறு போடப் போனேன்.