சமதரையில் இருபது மீட்டர்

என் அக்காவின் வீட்டுக்காரரை சிமெண்ட் குடோனில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ரெட்டை’ என்பார்கள். மற்றவர்கள் ஒரு மூட்டை தூக்கினால் இவர் இரண்டு தூக்குவார். இருபத்திரண்டு வருஷம் அப்படித் தூக்கி, போன வருஷம் முதுகெலும்பு மக்கர் பண்ணிவிட்டது. இனி ஒரு கிலோ கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பத்தாம் வகுப்பு பாஸ் செய்தால் மேற்பார்வையாளர் வேலை, இல்லையென்றால் வீட்டில் உட்காரலாம் என்றது நிர்வாகம். மற்ற பாடங்கள் தேறிவிட்டன. அறிவியல் மட்டும் இரண்டு மதிப்பெண்ணில் ஊத்திக்கொண்டது. அடுத்த தடவைதான் கடைசி வாய்ப்பு.

காலை வாரியது ஒரே கேள்வி. ஐம்பது கிலோ மூட்டையைத் தலையில் வைத்துச் சமதரையில் இருபது மீட்டர் நடக்கும் தொழிலாளி, புவியீர்ப்புக்கு எதிராகச் செய்த வேலை எவ்வளவு? மாமா ஐம்பதையும் இருபதையும் பெருக்கி, அதையும் பத்தால் பெருக்கி, பெரிய எண்ணாக எழுதி வைத்திருந்தார். விடை பூஜ்ஜியம்.

“என்ன மாப்ள, கிண்டலா?” என்றார்.

டிகிரி படித்தவன் என்ற திமிரில் நான் விளக்கினேன். “விசை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பொருள் நகரணும் மாமா. நீங்க மூட்டைய மேல தாங்குறீங்க, அது பக்கவாட்டுல போகுது. ஏணியில ஏறுனா வேலை. தரையில நடந்தா வேலை இல்ல.”

“அப்ப எனக்கு எதுக்கு வேர்த்துச்சு?”

“அது உடம்புக்குள்ள செலவாகுற சக்தி. மூட்டைக்குப் போய்ச் சேரல.”

“மூட்டை லாரிக்குப் போய்ச் சேந்துச்சே!”

வேறு வழியில்லாமல் நிலாவை இழுத்தேன். “நிலாவ பூமி ஓயாம இழுக்குது. அது வட்டமா சுத்துறதா வச்சுக்குங்க. இழுக்குறது ஒரு பக்கம், போறது ஒரு பக்கம். அங்கயும் பூஜ்ஜியம்தான்.”

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்காமல் கேட்டாள். “நிலாவுக்கு முதுகு பிடிக்குதாடா? தைலம் யாரு தேய்க்கிறா?”

எனக்குக் கோபம் வந்தது. படித்ததை ஒழுங்காகச் சொல்லத் தெரியாத கோபம். “புரியலன்னா விடுங்க, மனப்பாடம் பண்ணுங்க” என்று கத்திவிட்டேன்.

அன்றிலிருந்து மாமா குழம்பித் திரிந்தார். அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் ஏந்தியபடி வாசலில் நின்று, “இப்ப நான் வேலை செய்யிறேனா இல்லையா?” என்பார். அக்கா அதை வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். பாடத்தில் வரும் ‘வேலை’ வேறு, நாம் சொல்லும் வேலை வேறு என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். ஒரே வார்த்தையை வைத்து மனுஷன் உயிரை வாங்கினார்கள்.

பரீட்சையன்று பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் மதிலில் சாய்ந்துகொண்டார்.

“அதே கேள்வியா மாமா?”

“அதேதான். கிலோ மட்டும் மாத்தியிருந்தாங்க.”

“என்ன எழுதுனீங்க?”

“பூஜ்ஜியம்னுதான். பாஸ் ஆயிடுவேன்.”

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

“சிரிக்கிறதா அழறதான்னு தெரியல மாப்ள. இருபத்திரெண்டு வருசத்த என் கையாலயே பூஜ்ஜியம்னு எழுதிட்டு வந்திருக்கேன்.”