வெள்ளிக்கு வா

போன வாரம் பனச்சமூட்டில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். வெள்ளறடையில் ஒரு கல்யாண வீடு. சாப்பிட்டாயிற்று, மார்த்தாண்டம் திரும்ப வேண்டும். எல்லையோர ஊர்களில் இது ஒரு வசதி — இரண்டு மாநில பஸ்ஸும் வரும் என்று காத்திருக்கலாம். இரண்டும் வராது.

இருட்டத் தொடங்கிய நேரம். டீக்கடைக்காரர் வெளியே வந்து மேற்கே கையை நீட்டினார்.

“அது என்னது? லைட்டு போட்டது மாதிரி நிக்குது. டிரோன் ஆக்கும்.”

“டிரோன்னா அசையணும்லா? இது நின்ன நிலையில நிக்குது. சாட்டிலைட் ஆக்கும்,” என்றார் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர். சொன்னதோடு விடவில்லை. போனை எடுத்து வானத்துக்கு நேரே பிடித்தார். இப்போது அதற்கும் ஒரு ஆப் இருக்கிறதே... “சுக்ரன்னு காட்டுது. கிரஹமாக்கும்.”

என் வாய் சும்மா இருக்குமா? “வெள்ளி,” என்றேன்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். “இன்னைக்குச் செவ்வாயாக்கும் அம்மச்சி. வெள்ளிக்கு இன்னும் மூணு நாள் உண்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செவ்வாயும் ஒரு கோள்தான் தம்பி என்று திருப்பிக் கொடுத்திருக்கலாம். தோன்றவில்லை. அப்போது பார்த்து பஸ்ஸும் வந்தது. நான் ஏறவில்லை. ஏற முடியவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

ஏன் என்று கேட்கிறீர்களா? எழுபது வருஷத்துக்கு முன்னால், வெள்ளி என்றால் எல்லோரும் கிழமை என்றுதான் நினைப்பார்கள் என்று நம்பி ஒரு துண்டுச் சீட்டு எழுதியவள் நான். இந்தப் பத்தியில் எத்தனையோ கதை அளந்திருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. என் அம்மை சாகும்வரை அவளிடமும் சொன்னதில்லை.

எங்கள் வீடு பாறசாலைப் பக்கம். அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மை, அண்ணன் ஞானதாஸ், நான். அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவன். ஆரியங்கோட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவான். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். படித்தது மலையாளத்தில். வீட்டில் பேசியதும், சபையில் ஜெபித்ததும், சண்டை போட்டதும் தமிழில்.

தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள். அண்ணனுக்கு மேடையில் பேச வராது. சுண்ணாம்பு வாளியோடு போய்ச் சுவரில் எழுதுவான். ‘எங்கள் பிள்ளைகள் தமிழில் படிக்க வேண்டும்.’ அவனுக்கு ஏது பிள்ளை? கல்யாணமே ஆகவில்லை. பிள்ளை என்றால் நான்தான்.

எனக்கோ அவன்மேல் கோபம். மலையாளத்தில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிறவள் நான். இதில் இவன் என்ன நடுவில்?

ஒருநாள் கேட்டான். “பள்ளிக்கூடத்தில படிச்சதை அம்மைக்குச் சொல்லிக் குடுக்க முடியுமா மக்கா உனக்கு?”

“அம்மைக்கு என்னத்துக்கு அது?”

“என்னத்துக்குன்னு கேக்கல்ல. முடியுமான்னு கேட்டேன்.”

முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். பன்னிரண்டு வயதுத் திமிர்.

ஊர்வலம், தடியடி, துப்பாக்கிச் சத்தம் என்று நிலைமை முற்றியது. சுவரில் எழுதியவர்களின் பட்டியலில் அண்ணன் பெயரும் ஏறியது. அவன் ரப்பர் தோட்டத்துக்குள் ஒளிந்தான். விடியற்காலையில் போலீஸ் ஜீப் வரும், வீடு வீடாகப் புகுந்து தேடும், பகலெல்லாம் ஓடைப் பாலத்தில் நிற்கும், பொழுது சாயும்போது திரும்பிப் போகும். ஜீப் போன பிறகுதான் அண்ணன் வருவான். எங்கள் யாரிடமும் வாட்ச் கிடையாது. மேற்கே வெள்ளி இருந்தது.

“வெள்ளி கண்டா வாறேன். அது அடையும் முன்ன போயிருவேன்,” என்று முதல் நாளே சொல்லிவிட்டான்.

அப்படியே வந்தான். வெள்ளி தெரிந்ததும் நான் சோற்றுப் பொதியோடு ஓடைக்கரைக்குப் போவேன். அவன் ஈரக் கைலியோடு வந்து நின்றபடியே சாப்பிடுவான். வெள்ளி தென்னைக்குக் கீழே இறங்கும்போது போய்விடுவான். இரண்டு மாதத்துக்கு மேல் இப்படி. ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

இதே நாட்களில்தான் பள்ளிக்கூடத்தில் சூரிய குடும்பம் பாடம் நடந்தது. நல்ல ஆசிரியர். இன்றும் அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. “சுக்ரன் சில மாசம் வைகிட்டு காணும், சில மாசம் வெளுப்பினெ காணும். ஒரே கிரஹம் தன்னே,” என்றார். சில மாதம் அந்தியில், சில மாதம் விடியலில் — ஆனால் ஒரே கோள். அதோடும் நிற்கவில்லை. இப்போது அந்தியில் தெரிகிற சுக்ரன் கிறிஸ்துமஸுக்கு விடியலில் தெரியும், வேண்டுமானால் பாருங்கள் என்றார்.

நான் பார்த்தேனா? நோட்டில் எழுதினேன். காம்பஸ் வைத்து வட்டம் போட்டு மஞ்சள் பென்சிலால் நிறமடித்தேன். மனப்பாடமும் செய்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வெள்ளி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அண்ணனுக்குச் சோறு கொண்டுபோனேன்.

இரண்டும் ஒன்று என்று எனக்குத் தெரியாது! சுக்ரன் புத்தகத்தில் இருந்தது. வெள்ளி எங்கள் தென்னைக்கு மேலே இருந்தது. ஜாதகம் பார்க்கிற வீடாக இருந்திருந்தால் சுக்கிர தசை என்றாவது யாராவது சொல்லியிருப்பார்கள். நாங்கள் மிஷன் சபைக்காரர்கள்... ஜாதகப் பேச்சே வீட்டுக்குள் வராது. எங்களுக்கு வெள்ளி ஒரு நட்சத்திரம், அவ்வளவுதான்.

ஐப்பசி பிறந்ததும் தோட்டத்துக்குள்ளும் தேடத் தொடங்கினார்கள். அண்ணன் பனச்சமூட்டுக்கு அப்பால் மலைப்பக்கம் போய்விட்டான். அவன் போன வாரமே அம்மைக்குக் காய்ச்சல் கண்டது. டைபாய்டு. கண்ணைத் திறந்தால் ஒரே கேள்விதான். “எனக்க பிள்ளை வந்தானா?”

அப்போதுதான் அந்தச் சீட்டை எழுதினேன். அம்மைக்கு மிகவும் சுகமில்லை, வெள்ளிக்கு வா. அவ்வளவே. அண்ணனுக்குப் புரியும். வேறு யார் கையில் சிக்கினாலும் வெள்ளிக்கிழமை என்று நினைத்து அன்றைக்குக் காவல் காப்பார்கள். என்ன சாமர்த்தியம் பார்த்தீர்களா? எழுதி முடித்ததும் எனக்கு அவ்வளவு பெருமை.

காஞ்சிரங்குளத்திலிருந்து மீன் கொண்டுவரும் ரோசம்மாளிடம் கொடுத்தேன். பனச்சமூட்டுச் சந்தைக்கும் அவள் போவாள். மீன் வாங்குகிறவன் மாதிரி அண்ணன் அவளிடம் வருவான் என்று எனக்குத் தெரியும். சீட்டைக் கொடுத்த அன்று மேற்கே வெள்ளி மிகவும் தாழ்ந்திருந்தது. வந்த வேகத்தில் மறைந்தது. அதைப் பார்த்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

மறுநாள் பிடித்தது மழை. துலா மழை எப்படியென்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். மத்தியானம் இடி, சாயங்காலம் கொட்டும், விடியற்காலையில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். ரோட்டில் தண்ணீர் ஏறி பஸ் ஓடவில்லை. ரோசம்மாள் சந்தைக்குப் போக இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் சாயங்காலம் சோற்றுப் பொதியோடு ஓடைக்கரையில் நனைந்துகொண்டு நின்றேன். மேகத்துக்குப் பின்னால் வெள்ளி இருக்கிறது என்றே நினைத்தேன்.

அது அங்கே இல்லை. வெள்ளி நம்மைவிடச் சூரியனுக்குப் பக்கத்தில் சுற்றுகிற கோள். அதனால் எப்போதும் சூரியனை ஒட்டியேதான் தெரியும் — ஒன்று அது மறைந்த பிறகு, இல்லாவிட்டால் அது உதிக்கும் முன்பு. அந்தியிலிருந்து விடியலுக்கு மாறும்போது நமக்கும் சூரியனுக்கும் நடுவே புகுந்து போகும். சில நாள் கண்ணில் படாது. வேடிக்கை என்னவென்றால், அது பூமிக்கு மிக அருகில் வருவது அந்த நாட்களில்தான்.

மலைமேல் இருந்தவனுக்குச் சீட்டு கிடைத்தது. அந்தியில் மேற்கே பார்த்திருப்பான், வெள்ளி இல்லை. விடியற்காலை கிழக்கே பார்த்திருப்பான் — பெரிதாக, பளிச்சென்று, வெள்ளி. தங்கச்சி நேரத்தை மாற்றிவிட்டாள் என்று நினைத்திருப்பான். அவள் படித்த பிள்ளை, காரணமில்லாமல் சொல்லமாட்டாள் என்றும் நினைத்திருப்பான்.

விடியும் முன்பு ஓடைப் பாலத்துப் பக்கம் சத்தம் கேட்டது. நாய் குரைத்தது, யாரோ ஓடினார்கள். “பிடி, பிடி” என்று மலையாளத்தில் கத்தினார்கள். பிறகு அண்ணனின் குரல். எழ முடியாமல் பாயில் கிடந்த அம்மை, “அவனாக்கும்” என்றாள். நான் கதவைத் திறந்து ஓடினேன். ஜீப் திரும்பிக்கொண்டிருந்தது. பாலத்தில் ஒரு செருப்பும் வாழையிலையில் சுற்றிய இரண்டு ஆரஞ்சுப் பழமும் கிடந்தன. அம்மைக்கு வாங்கி வந்திருக்கிறான்.

மூன்று மாதம் கழித்து அவனை வெளியே விட்டார்கள். வந்தவன் எங்கள் அண்ணன் இல்லை. நெஞ்சில் அடி, இருமினால் ரத்தம். அம்மை அதற்குள் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தாள். அவள்தான் அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள்.

ஒருநாள் அம்மை இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன். “என்னத்துக்கு அண்ணா காலம்பற வந்தே?”

“நீ சொன்ன வெள்ளிக்குத்தான் மக்கா வந்தேன்.”

“நான் அந்திக்கு உள்ளதையாக்கும் சொன்னேன்.”

அவன் என்னைப் பார்த்தான். “அந்திக்கு வெள்ளி இல்லியே மக்கா.”

அடிபட்டதில் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்தேன். ‘பாவம்’ என்றுகூட நினைத்தேன். அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனான். எல்லைக்கோடு விழும்போது அவன் இல்லை. கோடும் எங்கள் வீட்டைத் தாண்டித் தெற்கே விழுந்தது. நாங்கள் கேரளத்திலேயே இருந்தோம்.

பிறகு நாகர்கோவிலில் காலேஜ் சேர்ந்தேன். ஒருநாள் தாழ்வாரத்துச் சுவரில் ஒரு சார்ட் தொங்கியது. சூரிய குடும்பம், தமிழில். சூரியனிலிருந்து இரண்டாவது வட்டத்தில் எழுதியிருந்தது: வெள்ளி (சுக்கிரன்).

அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு வார்த்தை. நின்று திரும்பத் திரும்பப் படித்தேன். பெல் அடித்தது, எல்லோரும் போய்விட்டார்கள். மாதங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஐப்பசி, கார்த்திகை... அண்ணனுக்குப் புத்தி தடுமாறவில்லை. அவன் சொன்னது சரி. அந்திக்கு வெள்ளி இல்லை. அது எனக்குத் தெரியும். எனக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மலையாளத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. அருமையான பாஷை. இன்றும் பேப்பர் இரண்டு பாஷையிலும் படிக்கிறேன். என் கோபம் என்மேல்தான். வானத்தைப் பாருங்கள் என்று ஆசிரியர் சொன்னாரே, ஒரு நாள் நிமிர்ந்து, சுக்ரன் எங்கே என்று தேடியிருக்கக் கூடாதா? படித்ததை அம்மையிடம் தமிழில் சொல்ல ஒரு தடவையாவது முயன்றிருக்கக் கூடாதா? அண்ணன் கேட்டது அதைத்தானே...

பிற்பாடு அந்தக் கோளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஈயம் உருகும் சூடு. அமில மேகம். மனிதன் அனுப்பி அங்கே இறங்கிய கலங்கள் ஓரிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. இவ்வளவும் தெரிந்த பிறகும் அந்தியில் அது தெரிந்தால் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். பனச்சமூட்டில் கதவு இல்லை, மாட்டிக்கொண்டேன். கடைசியில் அந்த ஆட்டோக்காரர்தான் என்னை மார்த்தாண்டத்தில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம், “நான் சும்மா கேலிக்குச் சொன்னேன் அம்மச்சி, ஒண்ணும் நினைக்காதுங்க” என்றுகொண்டே வந்தார்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அண்ணன் லாக்கப்பில் கிடந்த அந்த டிசம்பரில் எங்களுக்குப் பரீட்சை நடந்தது. அந்தியிலும் விடியலிலும் தெரியும் கோள் எது, விளக்குக என்று ஒரு கேள்வி.

சுக்ரன் என்று படம் போட்டு எழுதினேன். முழு மார்க்.