இரட்டைப் பூட்டுப் போட்ட தவக்காலம்

தொண்ணூறுகளின் தொடக்கம். கோவிலம்பாக்கத்தில் புதிதாகப் போட்ட மனைப்பிரிவில் நாங்கள் குடியேறிய முதல் வருடம். சுற்றிலும் முள்செடி, பாதி எழும்பிய சுவர்கள், நடுவில் எங்கள் வீடு. தெருவுக்கே ஒரே தொலைபேசி எங்களுடையது. அந்தப் பெருமையில் நான் தும்மினால்கூட 'ஹலோ' என்றுதான் தும்முவேன்.

தவக்காலத்தின் முதல் வெள்ளி. கோயிலில் சிலுவைப்பாதை வழிபாடு முடிந்ததும் எங்கள் பங்குச் சாமியார் ரத்தினச் சுருக்கமாகப் பிரசங்கம் வைத்தார். "கடவுள் நம்மள எதுக்குப் படைச்சார்னு எங்கயும் தேடி அலைய வேணாம். இன்னைக்கு உங்க முன்னால வந்து நிக்கிறவருக்கு என்ன வேணும்னு கேளுங்க. அதுல தெரிஞ்சிடும்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. தவக்காலத்தின் நாற்பது நாளுக்கும் கறி, மீனோடு வெற்றிலைபாக்கையும் விட்டேன். தினமும் முழந்தாளிட்டு, "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்" என்று மன்றாடினேன்.

அனுப்பிவிட்டார். லுங்கி, அழுக்குச் சட்டை, தூக்கமில்லாமல் சிவந்த கண். கேட்டுக்கு வெளியே நின்று அந்த ஆள் கேட்டார்: "சார், வூட்ல எப்பவும் ஆள் இருப்பீங்களா?"

நல்லவன் கேட்கிற கேள்வியா இது? "இருப்போம்" என்று சொல்லிவிட்டுக் கேட்டைப் பூட்டினேன்.

மறுநாள் எதிரே நின்று, கம்பத்திலிருந்து எங்கள் சுவர் வரைக்கும் தொலைபேசி ஒயரைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். முதலில் ஒயரை அறுப்பான், பிறகு நம்மை அறுப்பான் என்று முடிவுகட்டினேன். இன்னொரு பூட்டு வாங்கினேன். மனைவியின் சங்கிலியை அரிசி டிரம்மில் புதைத்தேன். கேட்டில் எவர்சில்வர் டம்ளர்களைக் கட்டி அலாரம் செய்தேன். அதில் முதலில் மாட்டியவர் பால்காரர், இரண்டாவது நான்.

ஞாயிறு பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். டம்ளர்கள் அலறின. அந்த ஆள் கேட் ஏறிக் குதித்துக் கதவை இடித்தார்.

"சார், கதவத் தொற சார்!"

சப்பாத்திக் கட்டையோடு கதவுக்குப் பின்னால் நின்று கத்தினேன்: "உள்ள நாலு பேர் இருக்கோம்! ஒருத்தர் போலீஸ்!" இருந்தது நானும் மனைவியும்தான்.

"போலீஸ் வாணாம் சார், ஆஸ்பத்திரி வண்டிதான் வோணும். ஒரு போன் போடு சார். பொண்டாட்டிக்கு வலி எடுத்துடுச்சு, ரத்தமா போவுது!"

"இப்படிச் சொல்லித்தான் திறக்க வைப்பானுங்க" என்று மனைவியிடம் கிசுகிசுத்தேன்.

"அந்தப் போலீசைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்று என்னை இடித்துவிட்டு அவள் கதவைத் திறந்தாள்.

அவர் கையெல்லாம் ஈரச் சிமென்ட். அடுத்த மனையில் வீடு கட்டும் கொத்தனார்; நிறைமாத மனைவியோடு அங்கேயே கொட்டகையில் தங்கியிருந்தாராம். பல்லாவரத்து நர்சிங் ஹோம் எண்ணை நான் இரண்டு முறை தப்பாகச் சுழற்றினேன். மூன்றாம் முறை மனைவி பிடுங்கிக்கொண்டாள். வண்டி வந்ததும் அந்தப் பெண்ணோடு அவளும் ஏறிப் போனாள்.

சாயங்காலம் தாயும் பெண் குழந்தையும் பிழைத்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு, நர்சிங் ஹோம் வராந்தாவில் அவரிடம் கேட்டேன்: "மொத நாளே போனுக்குன்னு சொல்லியிருக்கலாமே?"

"அதுக்குத்தான் சார் வந்தேன். ஆள் இருப்பீங்களான்னு கேட்டேன். நீங்க பூட்டிக்கினு உள்ள போய்ட்டீங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். அந்தப் பெண் துடித்த நேரத்தில் சில நிமிடங்கள் என்னால் வீணானவை.

இன்றைக்கும் யார் கதவைத் தட்டினாலும் என் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் பயப்படுவதைக் கதவைத் திறந்த பிறகு வைத்துக்கொள்கிறேன்.