நாலையும் உள்ளே தள்ளிய ஞாயிற்றுக்கிழமை

என் தாய்மாமாவுக்கு வந்த முதல் இரண்டு சம்பந்தங்களைக் கெடுத்தது ‘சர்வர்’ என்ற ஒற்றைச் சொல். மூன்றாவதைக் கெடுக்கப் பார்த்தது நான்.

மாமா பரமக்குடியில் ஓர் உள்ளூர்க் கேபிள் டிவியில் வேலை பார்த்தார். விரும்பிக் கேட்ட பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து, கோயில் திருவிழா என்று அந்த டிவி காட்டிய அத்தனையும் ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் இருந்தன. அதன் பெயர் சர்வர். அதைப் பார்த்துக்கொள்வதுதான் மாமாவின் வேலை. கல்யாணத் தரகர் போன வீட்டில் எல்லாம் “மாப்பிள்ளைக்கு சர்வர்ல வேலை” என்று சொல்லி வைத்தார். ஒரு வீட்டில், ஓட்டல் பஸ் ஸ்டாண்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று விசாரித்தார்கள். இன்னொரு வீட்டில் எதையும் விசாரிக்கவில்லை. கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

மாமாவைப் பெற்றவர்கள் அப்போது இல்லை. எங்கள் வீட்டோடுதான் இருந்தார். பெண் பார்க்கும் பொறுப்பெல்லாம் அம்மாவுக்கு. மூன்றாவது சம்பந்தம் திருவாடானைப் பக்கத்திலிருந்து வந்தபோது, சர்வர் என்ற சொல்லை எடுக்கவே கூடாது என்று அம்மா தரகரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ‘டிவியில் வேலை’, அவ்வளவுதான். பெண்ணின் போட்டோ வந்தது. மாமா அதை எல்லோர் முன்னாலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, “பாக்கலாம்க்கா” என்று அலட்சியமாகத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து அந்தப் போட்டோ மாமாவின் கம்ப்யூட்டர் புத்தகத்துக்குள் இருப்பதை நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததை வெளியே சொல்லாமலிருக்க எனக்குத் தேன்மிட்டாய் வாங்கித் தந்தார். மாமாவுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது. ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கே அது தெரிந்தது.

பெண்ணின் தகப்பனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம், மாமா எங்கள் வீட்டுப் போனில் டிவி முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதுவதாக நடித்துக்கொண்டிருந்தேன்.

“ஞாயித்துக்கிழமை காலையில வந்து ரெய்டு போட்டிர்றேண்ணே. நாலையும் உள்ள தள்ளிட்டா, அப்புறம் ஒண்ணு செத்தாலும் கவலையில்ல. மத்தியானத்துக்குள்ள வீட்டுக்கு வந்துருவேன், பொண்ணு வீட்டுல இருந்து வாராக.”

ரெய்டு என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். செய்தியில் பார்த்திருக்கிறேன். ஜீப் வரும், ஆட்கள் இறங்குவார்கள், கதவைச் சாத்திக்கொண்டு பீரோவையெல்லாம் திறப்பார்கள். எங்கள் மாமா இவ்வளவு பெரிய ஆளா என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் நாலு பேரிடம் சொன்னேன். நாலு பேரும் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா முதல் பஸ்ஸில் போய்விட்டார். அய்யாவும் அம்மாவும் களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. எங்கள் வீட்டில் போனை எடுக்கும் உரிமை எனக்குத்தான் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். ஓடிப்போய் எடுத்தேன். பெண்ணின் தகப்பனார், பஸ் ஸ்டாண்டுப் பூத்திலிருந்து பேசினார்.

“யாத்தா, நான் பரமக்குடிக்கு வந்துட்டேன். மாமா வீட்டுல இருக்காகளா?”

“இல்ல தாத்தா. டிவி ஆபீஸ்ல ரெய்டு.”

“என்னது?” என்றார். சரியாகக் கேட்கவில்லையோ என்று குரலை உயர்த்தினேன்.

“நாலையும் உள்ள தள்ளணுமாம் தாத்தா! ஒண்ணு செத்தாலும் கவலையில்லையாம்!”

“யாருத்தா சொன்னது?”

“மாமாதான்.”

“சரித்தா, வச்சிர்றேன்” என்றார். குரல் உள்ளே போய்விட்டிருந்தது. நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

களத்துக்கு ஓடி, ஒரு வார்த்தை விடாமல் அம்மாவிடம் ஒப்பித்தேன். அம்மா மிளகாய்க் கையோடு அப்படியே முகத்தில் அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அழுதது தம்பிக்காகவா மிளகாய்க்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாமாவின் செல்லுக்கு அய்யா போன் போட்டுப் பார்த்தார். வேலை நேரத்தில் மாமா அதை அணைத்து வைத்துவிடுவார். அணைத்து வைத்திருந்ததே பெரிய சாட்சியாகிவிட்டது.

“செல்லையும் புடுங்கிட்டாக” என்றார் அய்யா.

உள்ளே போனவனுக்கு யார் சோறு போடுவார்கள் என்று அம்மாவுக்குக் கவலை. கண்ணைக் கழுவிக்கொண்டே, விருந்தாளிகளுக்காகச் சமைத்து வைத்திருந்த சோறு, மீன்குழம்பு, பொரியல் அத்தனையையும் இரண்டு தூக்குவாளிகளில் அள்ளினாள். அய்யாவின் மொபெட்டில் முன்னால் நான், பின்னால் அம்மா, ஆளுக்கொரு தூக்குவாளி. வைகைப் பாலம் வரும்வரை அம்மா எந்தக் கோயிலுக்கு என்ன செய்வதாக நேர்ந்துகொண்டாள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

டிவி ஆபீஸ் மாடியில் இருந்தது. வாசலில் ஜீப் இல்லை. எனக்கு அப்போதே சப்பென்று ஆகிவிட்டது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஏசி போட்ட சின்ன அறை. அங்கே மாமா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே பக்கப்பலகை கழற்றிய இரும்புப் பெட்டி. மாமாவின் மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டை, அதிலிருந்து ஒரு சுருள் ஒயர் போய் அந்தப் பெட்டியோடு மாட்டியிருந்தது.

“எந்தம்பியக் கட்டிப் போட்டுட்டாகளே!” என்று அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாமாவுக்கு எங்களைப் பார்த்ததும் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். உடம்பில் இருக்கும் கரண்டு பட்டு டிஸ்க் கெட்டுவிடக் கூடாதென்று கட்டிக்கொள்ளும் பட்டையாம் அது. போன வருஷத் திருவிழாவைப் படம் பிடித்து ஒரே ஒரு டிஸ்க்கில் வைத்திருந்தார்கள். அது செத்துப்போனதும் திருவிழாவும் போய்விட்டது. அதனால் இப்போது நாலு டிஸ்க் வாங்கி, நாலையும் பெட்டிக்கு உள்ளே தள்ளி, ஒன்று செத்தாலும் மற்றவை காப்பாற்றிக்கொள்கிற மாதிரி கூட்டாகச் சேர்த்துவிடுவது. அந்தக் கூட்டுக்குத்தான் ரெய்டு என்று பெயர்.

“இதுக்கு வேற பேரே கெடைக்கலையாடா?” என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான், காலையில் போன் வந்த விஷயத்தை அய்யா மெதுவாகச் சொன்னார். மாமா கையிலிருந்த டிஸ்க்கைப் பஞ்சு வைத்த பெட்டியில் திரும்ப வைத்தார். என்னைத் திட்டவில்லை. “இதுவும் போச்சாக்கா?” என்று மட்டும் கேட்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. தேன்மிட்டாயைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அதைத் தின்று பத்து நாளாகியிருந்தது.

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் ஏறி வந்தார். அவருக்குப் பின்னால் போட்டோவில் இருந்த பெண்!

நடந்தது பின்னால் தெரிந்தது. அந்தப் பெண் பரமக்குடியில்தான் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். சம்பந்தம் வேண்டாம் என்று நேரில் சொல்லத் தகப்பனார் அங்கே போயிருக்கிறார். அவள் என்னுடைய வாக்குமூலத்தை இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாளாம். பிறகு வகுப்பில் பிள்ளைகள் இருப்பதையும் மறந்து சிரித்திருக்கிறாள். “வாங்கய்யா, அந்த ரெய்ட நானும் பாக்கணும்” என்று கையோடு அழைத்து வந்துவிட்டாள்.

மாமா பதறி எழுந்து இரண்டு கையையும் கூப்பப் போனார். சுருள் ஒயர் ஒரு கையைப் பின்னால் இழுத்தது. மறுபடி கூப்பினார், மறுபடி இழுத்தது.

“அதக் கழட்டிட்டே கும்புடலாங்க” என்றாள் அந்தப் பெண்.

கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அவள் அதற்குள் பெட்டியின் முன்னால் குனிந்துவிட்டாள். மூன்று டிஸ்க்குகள் இரும்புத் தட்டில் ஸ்க்ரூவால் முடுக்கப்பட்டு உள்ளே போயிருந்தன, நாலாவது வெளியே இருந்தது.

“அஞ்சா போடுறீங்க?”

“ஆமாங்க, அஞ்சு” என்றார் மாமா.

“அஞ்சுல ஒண்ணு போனாத் தாங்கும். அதச் சரிபண்றதுக்குள்ள இன்னொண்ணும் போச்சுன்னா?”

டிஸ்க்குகளைக் கூட்டுச் சேர்ப்பதில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், அஞ்சும் பத்தும் அந்த நம்பர்கள்தான் என்பதெல்லாம் எங்களில் யாருக்கும் அன்று தெரியாது.

“பத்து போடுங்க” என்று அவளே தொடர்ந்தாள். “ஜோடி ஜோடியா இருக்கும். ஒண்ணு போனாலும் அதோட ஜோடி தாங்கிக்கிரும்.”

“இடம் கொறையுமேங்க.”

“கொறையட்டும். இருக்கறது பத்தரமா இருக்கும்ல?”

மாமா அவளைப் பார்த்தார். “பத்தே பொருந்தும்ங்க” என்றார்.

பெரியவர் அம்மாவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

“பத்துமே பொருந்துதாமே! எங்க சோசியர் ஏழுன்னுதான சொன்னாரு?”

அம்மா நொடியும் தாமதிக்கவில்லை. “இங்கன கம்ப்யூட்டர்ல பாக்குறாகல்ல” என்றாள்.

லாக்கப்புக்கு என்று கட்டி வந்த சோற்றை அந்த ஆபீஸ் வராந்தாவில் பேப்பர் விரித்துப் பரிமாறினாள். பெரியவர் மீன்குழம்பை இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். நான் மாடிக்கும் தெருவுக்குமாக நடந்து ஜீப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

உள்ளே மாமா நாலாவது டிஸ்க்கை எடுத்திருந்தார். அந்தப் பெண் எதிரே உட்கார்ந்து டிஸ்க் மாட்டும் தட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒரு டிஸ்க்குக்கு நாலு ஸ்க்ரூ. முதல் மூன்றையும் நாங்கள் வருவதற்கு முன்பே மளமளவென்று முடித்திருந்த மாமாவுக்கு, இப்போது ஸ்க்ரூ துளையில் நிற்கவே மாட்டேன் என்றது. கீழே விழுந்தது. இரண்டு பேரும் தேடினார்கள். கிடைத்தது, மறுபடி விழுந்தது. பாவமாக இருந்ததால் நானே போய் நடுவில் உட்கார்ந்து, நான் போடுகிறேன் என்று கையை நீட்டினேன். மாமா என்னை வெளியே போய்க் கலர் குடிக்கச் சொன்னார். அவளும் அதையே சொன்னாள்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைத் துரத்தியதில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வராந்தாவுக்கு வந்து பெரியவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

“தாத்தா, மாமாவுக்கு ஒரு ஸ்க்ரூக் கூடப் போடத் தெரியல. அரை மணி நேரமாப் போடுறாக.”

அவர் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

“மெதுவாப் போடட்டும்த்தா. ஒண்ணும் அவசரமில்ல” என்றார்.

இவருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் கலர் குடிக்கப் போனேன்.