அறிக்கையில் ஏறிய பெரட்டு

எண்பத்துமூன்று கலவரத்துக்கு மறு வருஷம். பதுளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்தேன். மூன்று மொழியும் தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பும் என் தலையில்தான் விழும். அந்த நாட்களில் பஸ்ஸில் தமிழ் பேசமாட்டேன். வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள் என்பதால் நெற்றியில் பொட்டில்லை, சிங்களமும் தடங்கலில்லாமல் வரும். யாராவது எந்த ஊர் என்று கேட்டால் பண்டாரவளை டவுன் என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொள்வேன்.

கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து மேல்மாடி அறையில் அமர்ந்தார். வடக்கில் நடக்கும் ஆயுதப் போராட்டம் எப்படியெல்லாம் உருமாறுகிறது, மலைநாட்டுக்குள் வந்தால் எந்த வழியாக வரும், எப்படித் தடுப்பது என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. படித்த மனிதர். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. அவர் ஆங்கிலத்தில் கையால் எழுதுவதை நான் தட்டெழுதிக் கொடுக்கவேண்டும்.

மூன்றாவது வாரம் தோட்டங்களைப் பற்றிய அத்தியாயம் வந்தது. மடுல்சீமைத் தொழிலாளி ஒருவர் வவுனியாவிலிருக்கும் அக்காவுக்குப் போட்ட கடிதங்கள் தபாலில் பிடிபட்டிருந்தன. ஆளை உள்ளே போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. கொழும்பில் யாரோ செய்த மொழிபெயர்ப்பு இப்படிப் போயிற்று: தினமும் காலையில் அணிவகுப்பு, அதன்பின் இராணுவப் பயிற்சி, புதிதாகப் பத்துப் பேரைச் சேர்த்திருக்கிறார்கள், கத்திகளைத் தீட்டி வைத்துவிட்டோம், எட்டாம் மலை முடிந்தது, அடுத்தது ஒன்பதாம் மலை. அதன் கீழே அதிகாரியின் பரிந்துரை: ஊவா மாகாணத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயங்களையும் சோதனை போட்டுக் கத்தி வைத்திருப்பவர்களைப் பிடிக்கவேண்டும்.

மூலக் கடிதம் பின்னால் குத்தப்பட்டிருந்தது. “விடிஞ்சதும் பெரட்டு. அப்புறம் கவ்வாத்துத்தான். புதுசாப் பத்துப் பேர் எடுத்திருக்காங்க. கத்தியெல்லாம் தீட்டி வச்சாச்சு. எட்டாம் மலை முடிஞ்சிருச்சு, அடுத்தது ஒம்பதாம் மலை.” மிச்சமெல்லாம் அக்கா பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்ற விசாரிப்பு.

மொழிபெயர்ப்பையும் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் பேர் வாசித்து வேலைக்கு ஆள் பிரிப்பது. கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை வெட்டிவிடுவது. அகராதியைப் புரட்டினால் சிப்பாய்களின் பயிற்சி என்றும் இருக்கும். மலை என்றால் தேயிலை மலை. கவ்வாத்துக் கத்தி லயத்தில் வீட்டுக்கு வீடு கூரை இடுக்கில் செருகியிருக்கும். அப்படியானால் எல்லோரையும் பிடிக்கவேண்டியதுதான்.

ஆசிரியராயிருந்த என் கணவரிடம் சொன்னேன். “நீ டைப் அடிக்கிறவ. அடிச்சிட்டு வா” என்றார். “ஒனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா என்ன சொல்லுவ?” உள்ளே கிடக்கிறவரைப் பற்றிக் கேட்டேன். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

மறுநாள் மேலே போய், இது பயிற்சியில்லை, தேயிலை வெட்டுகிற வேலை என்று அதிகாரியிடம் விளக்கினேன். அவரும் அதையேதான் கேட்டார். எப்படித் தெரியும்? ஆறு வருஷமாக அந்த அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

“நான் லயத்துல பொறந்தவ, சேர். எங்க அம்மா கொழுந்து எடுத்தவங்க.”

பேனாவை மூடி வைத்தார். பிறகு எந்தத் தோட்டம் என்று கேட்டு, நாளைக் காலை அங்கேயே போய்ப் பார்ப்போம் என்றார்.

தெமோதரைக்கு மேலே என் தோட்டத்துக்குப் பொலிஸ் ஜீப்பில் போனோம். ஜீப்பைக் கண்டதும் பெரட்டுக்களம் அடங்கிப்போனது. பேர் வாசித்துக்கொண்டிருந்த கங்காணியின் குரல் பிசிறியது. கூடையோடு நின்ற பெண்களில் என் சித்தியும் இருந்தாள். நான் இறங்குவதைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரி ஓர் ஆளைக் கூப்பிட்டு ஒரு செடியை வெட்டிக் காட்டச் சொன்னார். வயசாளி, கத்தியை எடுக்கவே தயங்கினார். பயப்படாதீங்க மாமா, சும்மா பார்க்கத்தான் வந்திருக்கோம் என்றேன். அந்த ‘வந்திருக்கோம்’ அவரை இன்னும் மிரட்டியது போலிருந்தது. கத்தி நழுவிப் பெருவிரலைக் கிழித்தது. அதிகாரி தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

அன்று மத்தியானமே அந்தப் பக்கங்களை என் முன்னால் கிழித்துப் போட்டார். மடுல்சீமை ஆளை விடச்சொல்லியும் எழுதினார். ஆனாலும் ஆள் வெளியே வர இன்னும் மூன்று மாதமானது என்று ஜீப் டிரைவர் சொல்லித்தான் தெரியும். அவரை நான் கண்டதேயில்லை.

கிழித்த இடத்தில் புதிதாக ஒரு பரிந்துரை வந்தது. தோட்டக் கடிதங்களைத் தோட்டப் பேச்சு தெரிந்தவரே படிக்கவேண்டும். அதையும் நானேதான் தட்டெழுதினேன். அடித்து முடித்துத் தாளை உருவியபோதுதான் அது யாரைச் சொல்கிறது என்று உறைத்தது.

வாராவாரம் கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. வேண்டாம் என்று சொல்லப் பயம். ஒவ்வொன்றையும் பிரிக்கும்போது இன்னொரு பயம். கவ்வாத்து என்று நான் விட்டுவிடுவது ஒருநாள் வேறாக இருந்து, எங்கோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்துச் சனங்கள் செத்தால்? சந்தேகப்பட்டுக் குறித்துவைத்து, அது வெறும் கவ்வாத்தாக இருந்தால்? ஒரே வரியைப் பத்துத் தடவை படிப்பேன்.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்குச் சித்தி வீட்டுக்குப் போனேன். வழக்கமாக வந்து கதவடியில் உட்காரும் பக்கத்துக் காம்பறா வீட்டுக்காரர்கள் யாரும் வரவில்லை. வவுனியாவில் இருக்கிற அவள் மகன் எப்படி இருக்கிறான், கடுதாசி போடுகிறானா என்று கேட்டேன்.

சித்தி தேத்தண்ணியை என் முன்னால் வைத்தாள்.

“இப்ப நாங்க போடுறதுமில்ல, அவன் போடுறதுமில்ல. போடுறதெல்லாம் நீ படிக்கிறியாமே.”

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நாலு மணி பஸ்ஸுக்கு எழுந்தேன்.