மேல்மாடி வாடகைக்கு, சீதனத்துக்கல்ல

என் தங்கச்சி ஹிமாயா வென்றவை இவை: வங்கிக் கடன் இல்லாமல் மேல்மாடி கட்டினாள், அதை வாடகைக்கு விட்டாள், மகளைக் கட்டிக் கொடுத்த பிறகும் அதைத் தன் கையிலேயே வைத்திருக்கிறாள். எங்கள் ஊர் சாய்ந்தமருதில் கடைசியாகச் சொன்னதுதான் பெரிய வெற்றி. பெண்பிள்ளை இருக்கும் வளவில் புதுச் சுவர் எழும்பினால் அது சீதனம் என்று ஊரே முடிவு கட்டிவிடும். வீட்டைக் கொடுத்த உம்மாவும் வாப்பாவும் பிறகு மருமகனின் முகம் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

அவளுடைய கணவன் றினாஸுக்கு மூத்தவரான காக்கா அபூசாலி ஒரு முதலீட்டு நிபுணர். எல்லாம் யூடியூப்பில் படித்தது. "கடனெடுத்துக் கட்டுங்க, வாடகையே தவணையைக் கட்டும்" என்று சந்தியில் நின்று வகுப்பெடுப்பார். அப்படியே ஒரு வீடும் கட்டினார். குடியிருக்க ஆள் வருமுன் மகளுக்கு மாப்பிள்ளை வந்தான். "வீடுதான் ரெடியா இருக்கே" என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். மனிதருக்கு மறுக்க வெட்கம். இன்று மருமகன் அங்கே ஏ.சி. போட்டுத் தூங்குகிறான், தவணையை நிபுணர் கட்டுகிறார்.

ஹிமாயா வட்டிப் பக்கமே போகவில்லை. தனக்குச் சீதனமாக வந்த வீட்டின் மேல், தையல் காசில் கொங்கிறீட் தட்டுப் போட்டாள். வாடகை வீடு தேடி வந்த பல் வைத்தியர் கனகசபாபதியைச் சுவரில்லாத அந்தத் தட்டில் நிறுத்தி, "மூணு வருஷ வாடகையை முற்பணமாத் தாங்க டொக்டர், அதில சுவரைக் கட்டி, பெருநாளைக்கு முதல் வீட்டுத் திறப்பை உங்கட கையில தாறன்" என்றாள். ஒப்பந்தம் எழுதியதும் தருவதாக அவர் சொன்னார்.

அதற்குள் மகள் றிபாவைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா தேநீரைத் தொடுமுன் அண்ணாந்து பார்த்தார். அபூசாலி முந்திக்கொண்டார்: "மேல்வீடும் புள்ளைக்குத்தான்!"

"மச்சான், உங்கட வீட்டைக் குடுத்து முடிச்சாச்சு, இப்ப என்ட வீடா?" என்றாள் ஹிமாயா. நான் மட்டும் வாய்விட்டுச் சிரித்தேன்.

"றிபாக்குக் கீழ்வீடு. நாங்க பின்னறையில இருப்பம். மேல டொக்டர். முற்பணம் கழிஞ்சதும் அந்த வாடகை எங்கட சோத்துக்கு."

"யோசிச்சுச் சொல்றம்" என்று அவர்கள் எழும்பிப் போனார்கள். றிபாவின் முகம் வாடியது. ஹிமாயா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என்னை அழைத்துக்கொண்டு, டொக்டரின் வாடகை ஒப்பந்தத்தை எழுத நொத்தாரிசிடம் போனாள். சும்மா கிடைக்கும் கீழ்வீட்டை யார் விடுவார்? யோசித்தவர்கள் பிறகு தாமாகவே வந்தார்கள்.

நொத்தாரிசு கந்தோருக்கும் அபூசாலி வந்து நின்றார். "றினாஸ் வைக்கட்டும் கையெழுத்தை. பொம்புளைக்கு என்னத்துக்கு?"

அவளுடைய நிக்காஹ் பதிவில் இருப்பது வாப்பாவின் கையெழுத்து. சீதனத்துக்கென்று சிறு வயதிலேயே வாப்பா அவளுக்கு எழுதிய வீட்டு உறுதிப் பத்திரத்தில், அவளுக்காக ஏற்றுக் கையெழுத்து வைத்தது நான்.

"காக்கா, பேனையைத் தாங்க" என்று என்னிடம் கேட்டாள்.

தன் வீட்டுப் பத்திரத்தில் ஹிமாயா முதன்முதலாகக் கையெழுத்து வைத்தது, 2024 ஜனவரி 18, வியாழக்கிழமை.