ரத்தத் தண்ணியில நின்ன பூச்சி

ஈரல்ல சீக்கட்டி வந்து விருதுநகர் ஆஸ்பத்திரியில கெடந்தேன். வயித்துக்கடுப்புப் பூச்சிதான் ஈரலுக்கு ஏறிருச்சுன்னாக. ஊசியில உறிஞ்சி எடுத்தது செங்காவி நெறத்துல இருந்துச்சு.

பொழைச்சு வந்து மறுக்கா காட்டப் போனப்ப, லேப்பு பொண்ணு எங்கிட்ட ரத்தம் எடுத்துச்சு. தெளிய வச்சு, மேல நின்ன மஞ்சத் தண்ணிய லேப்புல வளத்து வச்சிருந்த அந்தப் பூச்சிக மேல ஒரு சொட்டு விட்டுட்டு, பெருசாக் காட்டுற கண்ணாடியில பாக்கச் சொல்லுச்சு. அதுகளுக்குக் கையுமில்ல காலுமில்ல. கஞ்சி வழியுற மாதிரி வழிஞ்சு வழிஞ்சு நகருதுக. ஆலங்குளத்துல சுண்ணாம்புக்கல் ஒடைக்கப் போன காலத்துல, சேறு அப்படித்தான் வழியும். சரி, அது கெடக்கட்டும். என் ரத்தத் தண்ணி பட்டதும் அம்புட்டும் உருண்டையா நின்னுபோச்சு.

"செத்துருச்சா தாயி?"

"இன்னும் இருக்குய்யா. கொஞ்ச நேரம் உக்காந்து பாருங்க."

எங்கன உக்கார? தீவாளி சீசன் நேரம். லோடு எறக்க வந்த பட்டாசுக் கம்பெனி வேன்ல தொத்தி வந்தவன் நான். ஆரன் அடிச்சான், ஓடிட்டேன். குடலுக்குன்னு குடுத்த மாத்திரையயும் பாதியில விட்டுட்டேன்.

ஏழாயிரம்பண்ணையில நானும் எம் பொஞ்சாதியும் ஒரே பட்டாசுக் கம்பெனி. "என் ரத்தத்தக் கண்டாலே பூச்சி அசையாது"ன்னு எல்லாத்துகிட்டயும் பீத்துனேன்.

"அப்ப ஒமக்கு இனி வராதுல்ல பெருசு? தண்ணி ட்ரம்ம நீரே பாத்துக்கிரும்"ன்னாரு போர்மேன்.

கம்பெனிக்குள்ள அடுப்பு கூடாது, வெந்நி கெடையாது. எல்லாருக்கும் கையில வெடிமருந்து, டம்ளரத் தொட மாட்டாக. நாந்தான் மோந்து வாயில ஊத்துவேன். காட்டுப்பக்கம் போயிட்டு வந்த கையி. எம் பொஞ்சாதி மட்டும் வீட்டுலருந்து வெந்நி கொண்டாருவா. "நான் ஊத்துறது கசக்குதோ?"ன்னு கேலி பண்ணிப் பண்ணி அதயும் நிறுத்துனேன்.

ரத்தமாப் போச்சு அவளுக்கு. ஒடம்புச் சூடுன்னு நெனச்சு வேலைக்கு வந்துக்கிட்டே இருந்தா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகையில குடல் ஓட்டையாகிப்போச்சு.

லேப்பு பொண்ண தேடிப் போயிக் கேட்டேன், என் ரத்தத்த அவளுக்கு ஏத்தலாமான்னு. அது மறுபடி எங்கிட்ட ரத்தம் எடுத்து, அதே மாதிரி சொட்டு விட்டு, கண்ணாடியில காட்டுச்சு. கொஞ்ச நேரத்துல, நின்ன பூச்சிக, மேல ஒட்டுன என் ரத்தச் சத்தயெல்லாம் வால்பக்கமா ஒதுக்கி, முடிச்சாக் கட்டி உதறிட்டு, திரும்ப வழிய ஆரம்பிச்சிருச்சுக.

"அன்னிக்கி நீங்க பாதியில போயிட்டீகய்யா. ஒங்க குடல்லயும் மிச்சம் இருந்திருக்கும். அது கை வழியாத்தான் அடுத்தவுகளுக்குப் போகும்."

வார்டுக்கு வந்தேன். நாக்கு காயுதுன்னு அவ கண்ணால காட்டுனா. நர்சம்மா தண்ணி ஸ்பூன எங்கிட்ட நீட்டுச்சு. நான் கைய பின்னால கட்டிக்கிட்டேன். நர்சம்மாவே நனைச்சுவிட்டுச்சு.

அவ என்னையே பாத்தா. "எம்மேல கோவமா?"ன்னு கேட்டா.

அதுதான் அவ கடைசியாப் பேசுனது. எங்கையாலதான்னு நான் சொல்லவேயில்ல.